மோஸ்டேல் குகை, 1967: ஆறு பேர் ஏன் திரும்பி வரவில்லை?

பாறைப்பித்தன்

தாய்லாந்தின் தாம் லுவாங் குகை வெள்ளம் பற்றி இங்கே பேசாத ஆள் இல்லை. பன்னிரண்டு பையன்கள், ஒரு பயிற்சியாளர், பதின்மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அவர்கள் குகைக்குள் போனது 2018 ஜூன் 23. அதற்கு ஐம்பத்தோரு வருஷம் முன்னால், ஜூன் 24 அன்று நடந்ததைப் பற்றித்தான் இந்த இழை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர்கூட வெளியே வராத கதை.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதி. கிராஸிங்டன் மூர் என்று மரம் மட்டை இல்லாத மேட்டு நிலம். அங்கே மோஸ்டேல் ஸ்கார் என்ற சுண்ணாம்புப் பாறைச் சுவர் இருக்கிறது. மோஸ்டேல் பெக் என்ற ஓடை மேட்டிலிருந்து ஓடி வந்து அந்தச் சுவரின் அடியில் பாறைகளுக்குள் காணாமல் போய்விடும். ஓடை நுழைகிற இடத்தில்தான் குகைக்கும் வாசல். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967, சனிக்கிழமை பிற்பகல். பத்துப் பேர் உள்ளே போனார்கள். சில மணி நேரத்தில் நான்கு பேர் வெளியே வந்துவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் குகையின் கோடியை நோக்கி இன்னும் உள்ளே போனார்கள். வயது 17 முதல் 26 வரை. வேடிக்கை பார்க்கப் போன கும்பல் இல்லை. அந்தக் குகை இன்னும் எவ்வளவு தூரம் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வெளியே வந்திருந்த நால்வரில் ஒரு இளம்பெண், மழைக்குப் பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிறார். வாசல் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது. செல்போன் இல்லாத காலம். சேறும் புல்லுமான அந்த மேட்டின் குறுக்கே ஓடிப் போய்த்தான் தகவல் சொன்னார்.

மீட்புக் குழுக்கள் வந்தும் உள்ளே கால் வைக்க முடியவில்லை. முதலில் ஓடையையே திருப்ப வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பேர் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டி, அணை போட்டு, தண்ணீரை வேறு பக்கம் தள்ளினார்கள். கொஞ்சம் வடிந்ததும் போனவர்கள் ஐந்து உடல்களைக் கண்டார்கள். ஆறாவது உடல் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. பிரிட்டனின் குகை விபத்துகளில் இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் பலி கொண்டது வேறு இல்லை.

எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி: அனுபவம் உள்ளவர்கள், ஆறு பேரில் ஒருவருக்குக்கூட தப்பிக்க வழி கிடைக்காமல் போனது எப்படி?

அடங்காதவன்

இதுல கேள்வி என்ன இருக்கு? ஓடை உள்ள போற ஓட்டைக்குள்ள மனுஷன் போனா ஓடை பின்னாடியே வரத்தான் செய்யும். அனுபவசாலின்னு வேற சொல்றீங்க. வானத்தை ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா போதும்.

செத்தவங்கள பத்தி தப்பா பேசக்கூடாதுன்னு தெரியும். ஆனா இந்த மாதிரி கதைய எல்லாம் வீரக்கதையா எழுதறது எனக்குப் பிடிக்கல.

ராத்திரி வண்டி

வீரக்கதையா யாரும் எழுதலையே அண்ணே. எனக்கு ஒரு சந்தேகம். உள்ள இருக்கறவங்களுக்கு மழை பெய்யறது தெரியாது, ஓகே. ஆனா தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறும்? ஏற ஆரம்பிச்சதும் கிளம்பினா வாசலுக்கு வந்துர முடியாதா?

நீரியல் நந்தா

"கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறும்" என்பதுதான் இதில் எல்லாரும் நம்புகிற தப்பு. என் வேலையே தண்ணீர் கணக்குதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண நிலத்தில் மழை பெய்தால் மண் அதை உறிஞ்சிக்கொண்டு, நாள் கணக்கில் மெதுவாகக் கீழே விடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அந்த வடிகட்டி கிடையாது. பாறையில் இருக்கிற வெடிப்பு, துளை, குழி எல்லாமே திறந்த குழாய்கள். மோஸ்டேலில் இன்னொரு சிக்கல்: ஓடை வருகிற மேட்டு நிலம் முழுக்க பீட் சேறு, அதாவது பாதி மக்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருஞ்சேறு. காய்ந்திருந்தால் தண்ணீரைக் குடிக்கும். ஏற்கனவே ஊறிப் போயிருந்தால் மேலே விழுகிற மழை அப்படியே வழிந்து ஓடைக்கு வந்துவிடும். அதே அளவு மழைதான், போன வாரம் ஒன்றும் செய்யாதது இந்த வாரம் ஆளைக் கொல்லும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது ஒரு கோடி லிட்டர். அது மொத்தமும் ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 2,700 லிட்டருக்கு மேல். இப்போது குகைக்குள் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் உள்ள ஒரு நெருக்கலான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தண்ணீர் போனாலும் 500 லிட்டர்தான் போகும். மிச்சம் 2,200 லிட்டர் எங்கே போகும்? பின்னால் தேங்கும். தேங்கத் தேங்க அழுத்தம் ஏறும். அந்த நெருக்கலுக்கு மேல்புறம் இருக்கிற வழியெல்லாம் கூரை வரை நிரம்பும். இதெல்லாம் உதாரணத்துக்குப் போட்ட எண்கள், மோஸ்டேலின் அளவுகள் அல்ல. ஆனால் விஷயம் இதுதான்: குகைக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, உள்ளே இருக்கிற மிகக் குறுகலான இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பெரிய ஆற்றில் அரையடி ஏறுகிற அதே மழைக்கு, குகைக்குள் பத்து மீட்டர், இருபது மீட்டர் ஏறுவது அதனால்தான்.

இன்னொன்று, வேகம். ஏற்கனவே தண்ணீர் நிரம்பிய பகுதி ஒன்று நடுவில் இருந்தால், மேலே வருகிற வெள்ளம் அங்கே போய்ச் சேரும் வரை மறுபக்கத்துக்கு நேரம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. தோட்டத்து ஹோஸ் பைப்பில் முன்பே தண்ணீர் இருந்தால், குழாயைத் திறந்த நொடியே மறுமுனையில் கொட்டுகிறதல்லவா, அழுத்தம் தண்ணீரை விட வேகமாகப் போகும்.

அடங்காதவனுக்கு ஒரு வார்த்தை. நிமிர்ந்து பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிற வானம் இல்லை. ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி வாசலுக்குப் பின்னால் மேட்டில் விரிந்து கிடக்கிறது. வாசலில் வெயில் அடிக்கும்போது அங்கே கொட்டலாம். 1967-ல் ரேடார் படத்தைக் கையில் வைத்துப் பார்க்கிற வசதியும் கிடையாது.

ராத்திரி வண்டி

நந்தா சார், செம. ஹோஸ் பைப் சொன்னதும் டக்னு புரிஞ்சுது.

செல்வி_ஆழம்

நான் குகைக்குள்ள போற ஆள். மோஸ்டேலுக்குப் போனதில்ல, ஆனா அந்த மாதிரி வழியில ஊர்ந்திருக்கேன். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு "திரும்பி வந்துர வேண்டியதுதானே"ன்னு தோணும். உடம்பு அங்க எப்படி இருக்கும்னு சொன்னாத்தான் புரியும்.

மோஸ்டேல்ல அந்த ஆறு பேர் போன பகுதிக்குப் பேரே மாரத்தான். தவழ்ந்தும் ஊர்ந்தும் மட்டுமே போக முடியுற நீளமான வழி. அதுல கடைசிப் பகுதி ஃபார் மாரத்தான். உடல்கள் அந்தப் பக்கம்தான் கிடைச்சுது. அப்படி வழியில சாதாரண நாள்லயே வயிறு தண்ணியில இருக்கும். ஹெல்மெட் கூரையில உரசும், அதனால தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, ஒரு கன்னம் தண்ணியத் தொடுற மாதிரி வெச்சுக்கிட்டுத்தான் நகர முடியும். பைய காலால இழுக்கணும், இல்லன்னா முன்னாடி தள்ளணும். திரும்பணும்னா திரும்பற அளவு அகலம் வர்ற வரைக்கும் முன்னாடியே போகணும், இல்லன்னா பின்னாலயே நகரணும். நடந்தா சில நிமிஷத்துல போற தூரத்துக்கு அங்க மணிக்கணக்கு ஆகும்.

இதுல தண்ணி ஒரு சாண் ஏறினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மூச்சு விடற இடமே ஒரு சாண்தான்.

யார்க்‌ஷயர் குகைத் தண்ணி வருஷம் பூரா ஏழெட்டு டிகிரிதான். காத்தை விட தண்ணி உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கு மேல வேகமா உறிஞ்சிரும். விரல் மடங்காது, முடிவெடுக்கற புத்தியும் மந்தமாயிரும்.

அடையாளமே இருக்காதான்னு கேட்டா, இருக்கும். தெளிவா ஓடுன தண்ணி திடீர்னு டீக்கலர் ஆகும், பீட் மேட்டுல இருந்து வர்ற தண்ணி அது. நுரை வரும், புல்லு, குச்சி மிதந்து வரும். சத்தம் மாறும். எனக்கு இதுல நம்பகமானது காத்து. நல்லா வெள்ளம் வரும்போது தண்ணி காத்தை முன்னாடி தள்ளிக்கிட்டு வரும், இதுவரைக்கும் அசையாம இருந்த காத்து சட்டுன்னு முகத்துல அடிக்கும். ஆனா இதெல்லாம் தெரியறப்ப உங்களுக்கு மிச்சம் இருக்கறது நிமிஷக் கணக்கு. பக்கத்துல உயரமான இடம் இருந்தா போதும். அவங்க இருந்த எடத்துல அது இல்ல. மோஸ்டேல்ல மேல்தளத்துல மட் கேவர்ன்ஸ்னு சேறு மூடின பெரிய அறைகள் இருக்கு, ஆனா ஃபார் மாரத்தான்ல இருந்து அங்க வந்து சேரணும்னா அந்த ஊர்ற வழியையே திரும்பக் கடக்கணும்.

பாறைப்பித்தன் கேட்டதுக்கு என் பதில் இதுதான். தப்பு அந்த நேரத்துல நடக்கல. ஒதுங்க இடமில்லாத வழிக்குள்ள நுழைஞ்ச நிமிஷத்துலயே முடிவாயிருச்சு.

அடங்காதவன்

செல்வி, நீங்க சொல்றத வெச்சே நான் சொன்னது சரின்னு ஆகுதே? ஒதுங்க இடமில்லாத வழின்னு தெரிஞ்சுதானே போனாங்க.

செல்வி_ஆழம்

தெரிஞ்சுதான் போனாங்க. நான் அவங்களக் காப்பாத்தப் பேசல. நீங்க "வானத்தைப் பாத்திருந்தா போதும்"னீங்க, அது போதாதுங்கறேன். நல்ல வானிலையில பத்து தடவ போயிட்டு வந்த வழி பாதுகாப்பானதுன்னு மனசு நம்ப ஆரம்பிச்சிரும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகாம வந்தா, அது நம்ம திறமைன்னு நெனச்சுக்குவோம். மழை பெய்யாததுதான் காரணம்.

எதிர்மாதிரி ரெண்டு சொல்றேன். 1952-ல ஸ்விட்சர்லாந்து ஹொல்லாக் குகையில ஆல்ஃப்ரெட் பியோக்லிங்கற ஆய்வாளரும் கூட மூணு பேரும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. பத்து நாள் போல உள்ளயே இருந்து, தண்ணி வடிஞ்சதும் நடந்து வந்தாங்க. 1999 நவம்பர்ல பிரான்ஸ்ல விதரெல் குகையில ஏழு பேர், அவங்களும் பத்து நாள். மேல இருந்து துளை போட்டுத் தேடினாங்க, ஏழு பேரும் உயிரோட வந்தாங்க. ரெண்டு எடத்துலயும் அவங்க பண்ணுன பெரிய காரியம் ஒண்ணுதான்: உயரமா ஏறி உக்காந்துட்டு, வெளிய போக முயற்சி பண்ணாம இருந்தாங்க. உள்ள மாட்டிக்கிட்டா நீந்திப் போயிரலாம்னு கிளம்பறதுதான் ஆளைக் கொல்லும்.

குருவிக்கூடு

தாம் லுவாங் பையன்களும் அதையேதானே செய்தார்கள். வாசலிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். ஜூலை 2-ஆம் தேதி இரண்டு பிரிட்டிஷ் டைவர்கள் தண்ணீரிலிருந்து தலை தூக்கிப் பார்த்தபோது பதின்மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். அந்தக் குகை வாசலில் ஜூலையிலிருந்து நவம்பர் வரை வெள்ளம் வரும் என்று பலகை இருந்தது. அவர்கள் போனது ஜூன் 23. பலகையைப் படித்திருந்தாலும் தேதி சரியாகத்தான் இருந்திருக்கும்! மழை அந்த வருஷம் காலண்டர் பார்க்கவில்லை.

அடங்காதவன்

சரி, அதையே எடுத்துக்குவோம். அந்தப் பதிமூணு பேரைக் காப்பாத்தப் போய் சமன் குனான்னு ஒருத்தர் செத்தாரு. முன்னாள் கடற்படைக்காரர். உள்ள காத்து சிலிண்டர் வெச்சிட்டுத் திரும்பும்போது அவருக்கே காத்து தீந்துபோச்சு. இன்னொரு கடற்படை வீரருக்கு அந்தப் பணியில வந்த ரத்தத் தொற்று, அடுத்த வருஷம் டிசம்பர்ல அவரும் போயிட்டாரு. இதப் பத்தி யாரும் பேசறதில்ல. நான் கேக்கறது இதுதான். நான் போய் மாட்டிக்கிட்டா அது என் பாடு. என்னைத் தேடி வர்றவனுக்கு யார் பதில் சொல்றது?

2023 மே 9 நியூசிலாந்துல அபே குகைகள்ல பள்ளிக்கூடப் பசங்களக் கூட்டிட்டுப் போனாங்களே, கனமழை எச்சரிக்கை இருந்த நாளு. பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் வெள்ளத்துல போயிட்டான். அங்க நீர்ப்பிடிப்பு, பீட்னு ஒண்ணும் பேச வேண்டாம். எச்சரிக்கை கையில இருந்துச்சு. வயசு வந்தவன் தானா போறதும் குழந்தைகளக் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணில்ல.

செல்வி_ஆழம்

கடைசியா சொன்னதுல எனக்கு ஒரு மாத்துக் கருத்தும் இல்ல. குழந்தைகளோட போறவங்களுக்கு "பாத்துக்கலாம்"ங்கற வார்த்தையே கிடையாது.

மீட்பவங்க பத்திக் கேட்டீங்க. யார்க்‌ஷயர்ல குகை மீட்புக் குழு 1935-லயே ஆரம்பிச்சுட்டாங்க, உலகத்துலயே முதல்னு சொல்றாங்க. மோஸ்டேல் இருக்கற அப்பர் வார்ஃப்டேல் குழு 1948-ல வந்தது. ரெண்டுலயும் இருந்தவங்க பெரும்பாலும் அதே குகைகளுக்குப் போற ஆளுங்க. சம்பளம் கிடையாது. நாளைக்கு நான் உள்ள கிடந்தா நீ வருவங்கற கணக்குதான். இது உங்க கேள்விக்கு முழு பதில் இல்லன்னு தெரியும்.

ராத்திரி வண்டி

பாறைப்பித்தன், அந்த ஆறு பேரை வெளிய கொண்டு வந்தாங்களா? நீங்க "கண்டார்கள்"னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க.

பாறைப்பித்தன்

வெளியே கொண்டு வரவில்லை. வேண்டுமென்றே முதல் பதிவில் அதை விட்டுவிட்டேன், யாராவது கேட்பீர்கள் என்று.

வழி அவ்வளவு குறுகல், எப்போது வேண்டுமானாலும் மறுபடி மழை வரலாம். உடல்களை அந்த ஊர்வழி முழுக்க இழுத்து வர இன்னும் எத்தனை பேரை உள்ளே அனுப்புவது? மரண விசாரணை அதிகாரி, உடல்கள் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். குகை வாசலைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அடங்காதவன் கேட்கிற கேள்விக்கு அந்த அதிகாரி அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு 1971-ல், குகைப் பயணிகள் சிலர் உள்ளே போனார்கள். வெள்ளம் போட்ட இடத்தில் கிடந்த ஆறு பேரையும் எடுத்து, செல்வி சொன்ன அந்த மேல்தள மட் கேவர்ன்ஸ் பக்கம், வெள்ளம் தொடாத ஓர் அறையில் அடக்கம் செய்தார்கள். ஊர்ந்து மட்டுமே போகிற வழியில் ஆறு உடல்களைக் கொண்டு போவது என்றால் என்ன என்று செல்வியின் பதிவைப் படித்துவிட்டு யோசித்துக்கொள்ளுங்கள். மேலே மூரில் நினைவுக் கற்குவியல் ஒன்று இருக்கிறது.

குருவிக்கூடு

இதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பெற்றவர்களுக்கு முகம் பார்க்கக் கொடுக்காமல், கான்கிரீட் ஊற்றி மூடினார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் எல்லாம் புரிகிறது. ஒரு பிடி சாம்பலாவது கையில் வந்தால்தான் நமக்கெல்லாம் காரியம் முடியும். இல்லையென்றால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பாறைப்பித்தன்

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1959-ல் டெர்பிஷயரில் பீக் கேவர்ன் குகையில், செங்குத்தான ஓர் இடுக்கில் ஒரு கல்லூரி மாணவர் சிக்கிக்கொண்டார். அது வெள்ளம் இல்லை, மூச்சுவிட்ட காற்றே தேங்கி உயிர் போனது. இன்னொரு உயிர் போகக் கூடாது, மகனை அங்கேயே விட்டுவிடுங்கள் என்று அவருடைய அப்பாவே கேட்டுக்கொண்டார். 2009-ல் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் நட்டி புட்டி குகையிலும் இறந்தவரை உள்ளேயே விட்டு, குகையை நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

குருவிக்கூடு

அந்த அப்பா கேட்டுக்கொண்டது வேறு. ஓர் அதிகாரி தீர்மானிப்பது வேறு. ஆனால் 1971-ல் போனவர்களுக்கு ஒரு கும்பிடு.

நீரியல் நந்தா

குகையை மூடியது சரியா என்று யாரும் இன்னும் கேட்கவில்லையே. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வாசலை மூடினால் அடுத்த குகைக்குப் போவார்கள். அதே தண்ணீர் அங்கேயும் இருக்கிறது. மோஸ்டேலில் நுழைகிற ஓடை, வார்ஃப்டேல் பள்ளத்தாக்கில் பிளாக் கெல்ட் என்ற ஊற்றில் வெளியே வருகிறது. நாலு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அதே ஊற்றுக்கு லாங்க்ளிஃப் பாட் என்ற இன்னொரு பெரிய குகையின் தண்ணீரும் வருகிறது. பூமிக்கடியில் இது ஒரே வலை. ஒரு துளைக்கு மூடி போட்டு என்ன பயன்?

அடங்காதவன்

நந்தா சார், கொஞ்ச நாளைக்காவது ஒருத்தனும் உள்ள போகாம இருந்தான்ல, அதான் பயன். அந்த வருஷம் அங்க போய் "நாங்க பாத்துட்டு வர்றோம்"னு இன்னொரு கும்பல் கிளம்பியிருக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா?

நீரியல் நந்தா

முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். தற்காலிக மூடலுக்கு ஆதரவு, நிரந்தர மூடலுக்கு எதிர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வி_ஆழம்

நான் எங்கயும் மூடறதுக்கு எதிரி, ஆனா மோஸ்டேலுக்கு மட்டும் சொல்ல வாய் வரல. அது இப்ப ஆறு பேரோட சமாதியும்தான்.

ராத்திரி வண்டி

ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. நந்தா சார் சொன்ன மாதிரி வானத்தைப் பாத்தா போதாதுன்னா, குகைக்குப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி வேற எதைப் பாக்கணும்?

நீரியல் நந்தா

குகையின் வரைபடத்தை மட்டும் எடுத்துப் போகாமல் மேல்தரை வரைபடத்தையும் விரித்து, வாசலுக்கு வருகிற ஓடையை மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, எந்த மேட்டிலெல்லாம் விழுகிற மழை இங்கே வரும் என்று பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்குள் இன்றைக்கு என்ன முன்னறிவிப்பு, கடந்த ஒரு வாரம் எவ்வளவு பெய்தது, இரண்டையும் பாருங்கள். பல பேர் இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

செல்வி_ஆழம்

அதோட உள்ள போற வழியில கூரையப் பாருங்க. தலைக்கு மேல இடுக்குல காஞ்ச புல்லு, இலை, நுரை காஞ்ச கறை இருந்தா, தண்ணி அது வரைக்கும் வந்து போயிருக்குன்னு அர்த்தம். ஒதுங்கற இடம் ஒவ்வொண்ணையும் வரைபடத்துல குறிச்சுக்கோங்க, ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு எவ்வளவு நேரம்னும் எழுதுங்க. வெளிய ஒருத்தர்கிட்ட திரும்பற நேரத்தைச் சொல்லிட்டுத்தான் போகணும். நந்தா, அந்தக் கோடு போட்ட வரைபடம் மாதிரிக்கு ஒண்ணு இருந்தா இங்க போடுங்களேன்.

நீரியல் நந்தா

போடுகிறேன். ஸ்கேன் பண்ண வேண்டும், நாளை ராத்திரி ஆகும்.